எந்த ஜாவா என்று கேளுங்கள்

கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகளை வேலைக்குத் தேர்வு செய்யும் குழுவில் இருக்கிறேன். ஜாவா நிரல் எழுதச் சொன்னால் நன்றாகவே எழுதுகிறார்கள். ‘உன் கணினியில் இருப்பது யார் கொடுத்த ஜாவா?’ என்று கேட்டால்தான் திணறுகிறார்கள். குறை அவர்களுடையது அல்ல. பாடத்தில் அது வருவதே இல்லை.

ஜேவிஎம் நிரலை ஓட்டுகிறது. அதனுடன் நூலகங்களைச் சேர்த்தால் ஜேஆர்இ. கம்பைலர் முதலான கருவிகளும் சேர்ந்தால் ஜேடிகே. இவ்வளவையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் 2018-ல் வந்த 11-ம் பதிப்பு முதல் ஆரக்கிள் ஜேஆர்இ-யைத் தனியாகத் தருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. பெரிய நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா இஇ, எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கைக்குப் போய் ‘ஜகார்த்தா இஇ’ ஆகிவிட்டது. 2020-ல் அதன் 9-ம் பதிப்பில் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கிய தொகுப்புப் பெயர்களும் ‘ஜகார்த்தா’ என்று மாறின. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதும் மாணவரின் நிரல் புதிய சர்வரில் ஓடாமல் நிற்பது இதனால்தான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது உரிம விஷயம். ஓப்பன்ஜேடிகே-யின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. அதிலிருந்து ஆரக்கிள், அமேசான், எக்லிப்ஸ் எனப் பலரும் ஜேடிகே தயாரிக்கிறார்கள். அமேசானின் கொரெட்டோவும் எக்லிப்ஸின் டெமுரினும் இலவசம். ஆரக்கிளின் 17-ம் பதிப்பும் 2021-ல் இலவசமாகத்தான் வந்தது. ஆனால் 2024 செப்டம்பருக்குப் பின் வந்த திருத்தங்களை அலுவலக வேலைக்குப் பயன்படுத்தக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணமும், 2023 முதல், ஜாவாவைத் தொடுகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. நிறுவனத்தின் மொத்த ஊழியர்களையும் கணக்கில் எடுக்கிறது. அப்போது அறிவித்த விலைப்படி, 500 பேர் உள்ள நிறுவனத்துக்குத் தலைக்கு மாதம் 15 டாலர் வீதம் 7,500 டாலர். ஜாவா எழுதுபவர்கள் பத்துப் பேராக இருந்தாலும் அதே தொகைதான். விலை வைப்பது ஆரக்கிளின் உரிமை. தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளும் சிறு நிறுவனத்தை நினைத்தால்தான் மனம் பதறுகிறது.

ஆகவே ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் வாரமே, லூப் சொல்லித் தருவதற்கு முன்பே, ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். கட்டளைத் திரையில் ‘ஜாவா -வெர்ஷன்’ கட்டளையைக் கொடுக்கச் சொல்லுங்கள். வரும் வரிகளில் ‘டெமுரின்’, ‘கொரெட்டோ’ என்று இருக்கிறதா, ‘ஜாவா எஸ்இ’ என்று மட்டும் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் வாசிக்கட்டும். பிறகு அந்த வெளியீட்டின் உரிமப் பக்கத்தைத் திறந்து, வகுப்பிலேயே சேர்ந்து படியுங்கள்.