இணையவழிக் கல்வி: வெற்றிக்கு வேண்டுவன

கல்வி பெறுவதற்கு ஊரை விட்டுப் போயே ஆக வேண்டும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ பந்தல்குடியிலோ தம் வீட்டில் இருந்தபடியே இன்று ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெறலாம். கைப்பேசி ஒன்றும் இணைய இணைப்பும் இருந்தால் போதும் என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. உண்மையில் அவ்விரண்டும் போதுமா? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா. போதா என்பதே என் துணிபு.

மழை பெய்வதனால் மட்டும் கரிசல் காடு விளைந்துவிடுவதில்லை என்பதை இம்மண்ணில் பிறந்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெய்த நீரைத் தேக்க வரப்பும் கண்மாயும் வேண்டும். பருவம் தப்பாமல் விதைக்கும் கையும் வேண்டும். இணையம் பாடங்களை மழையெனப் பொழிகிறது. அதைத் தேக்கி வைக்கும் கரைகளைக் கல்லூரி மாணவர்க்குக் கல்லூரியே கட்டித் தந்துவிடுகிறது. மணியடித்து நேரத்தை வரையறுக்கிறது. அமர்ந்து படிக்க இடம் தருகிறது. ஐயம் வினவ ஆசிரியரைத் தருகிறது. உடன்பயிலும் தோழரைத் தருகிறது. இணையவழி மாணவர்க்கு இந்நான்கும் இல்லை. இவற்றை அவர் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அவரால் இயலாதவற்றை வீடும் ஊரும் அமைத்துத் தர வேண்டும். இணையவழிக் கல்வியின் வெற்றியும் தோல்வியும் பெரிதும் இதனைப் பொறுத்தே அமைகின்றன.

அஞ்சல்வழி தந்த பாடம்

தொலைவிலிருந்து கற்பது நமக்குப் புதியதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நம் பகுதிக்கு அண்மையிலுள்ள மதுரைப் பல்கலைக்கழகம், பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது, 1971இல் அவ்வழியில் அடியெடுத்து வைத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின. பள்ளி ஆசிரியரும் அலுவலக எழுத்தரும் ஆலைத் தொழிலாளரும் பட்டதாரிகளானதற்கு இவ்வழி பெருந்துணையாயிற்று.

அவர்களுள் வென்றவர் யாவர்? அஞ்சலில் வந்த பாடக் கட்டைப் பிரிக்காமல் பரணில் ஏற்றியவர் வென்றாரில்லை. நேர்முக வகுப்புக்கு விடுப்பு எடுத்துச் சென்றவரும், உடன்பயில்வோர் இருவர் மூவரைச் சேர்த்துக்கொண்டு விடுமுறை நாளில் கூடிப் படித்தவருமே கரையேறினர்.

இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 1971 ஜனவரியில்தான் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. பி.பி.சி.யின் வானொலியும் தொலைக்காட்சியும் அதன் பாடங்களை ஒலிபரப்பின. ஆயினும் அப்பல்கலைக்கழகம் ஒலிபரப்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. மாணவரின் ஒப்படைப்பைத் திருத்திக் குறைநிறை எழுதி அனுப்பும் பயிற்சி ஆசிரியரை அமர்த்தியது. கோடைக்கால வகுப்புகளில் மாணவரை நேரில் கூட்டியது. எந்திரம் எத்துணைச் சிறந்ததாயினும் மனிதத் துணை இன்றித் தொலைவழிக் கல்வி நிலைபெறாது என்பதை அதனை நிறுவியோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

எண்கள் காட்டும் உண்மை

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் இணையத்தில் எவரும் சேரத்தக்க பாடங்களை நடத்தி வந்தன. அவற்றில் சேர்ந்தோரைப் பற்றிய ஆய்வொன்று 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. 2017-18ஆம் ஆண்டில் சேர்ந்தோருள் பாடத்தை முடித்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே. சான்றிதழுக்கெனக் கட்டணம் செலுத்தியவருள்ளோ நூற்றுக்கு 46 பேர் முடித்தனர். பாடம் ஒன்றே; ஆசிரியரும் அவரே. முடித்தே தீர்வது என்னும் உறுதியோடு நுழைந்தவர்க்கும் எட்டிப் பார்த்துவிட்டுச் செல்ல வந்தவர்க்கும் உள்ள வேறுபாட்டையே இவ்வெண்கள் பெரிதும் காட்டுகின்றன. அவ்வாறு உறுதியோடு வந்தவரிலும் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் நின்றனர் என்பதும் நம் கருத்திற்கு உரியது.

நம் மாநிலத்து அனுபவமும் இதையே வலியுறுத்துகிறது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத் தரவை விலையின்றி வழங்கத் தமிழ்நாடு அரசு முன்வந்தது. அது வேண்டிய உதவியே. ஆனால் பள்ளிக் குழந்தைகள் இழந்த கல்வியை மீட்க அதே ஆண்டு அக்டோபரில் அரசு தொடங்கிய திட்டம் யாது? 'இல்லம் தேடிக் கல்வி'. மாலை வேளையில் தெருவிலேயே குழந்தைகளைக் கூட்டிக் கற்பிக்கும் தன்னார்வலர்களே அதன் உயிர்நாடி. ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஆராய்ந்தனர். பள்ளிகள் திறந்து ஆறு மாதத்திற்குள் இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டதாகவும், அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்ததாகவும் அவர்கள் கண்டனர். திரை விட்ட குறையை அருகிருந்த ஆசிரியரும் அண்டைவீட்டு அக்காளும் நிறைவு செய்தனர் என்பதே இதன் பொருள்.

மாணவர் செய்யத்தக்கன

இனி, மாணவர் தம் பங்குக்குச் செய்ய வேண்டுவனவற்றைக் காண்போம்.

முதலாவது, சேருமுன் ஆராய்தல். ஏற்புடைய நிறுவனத்தில் உரிய ஒப்புதலுடன் இணையவழியிலோ தொலைநிலையிலோ பெறும் பட்டம், நேர்முறையில் பெறும் பட்டத்திற்கு நிகரானது எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. 'ஏற்புடைய' என்னும் சொல்லை ஊன்றிக் காண்க. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எந்தெந்தப் படிப்புக்கு ஒப்புதல் உண்டு என்பதை அக்குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் தளத்தில் வெளியிடுகிறது. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம் முதலிய பட்டங்களை இவ்வழியில் வழங்க இசைவில்லை. பெயர்ப்பலகையையும் தரகர் வாய்மொழியையும் நம்பிப் பணம் கட்டுவதற்கு முன் அப்பட்டியலைக் காண அரை மணி நேரம் செலவிட்டால், மூன்றாண்டு உழைப்பு வீணாகாமல் காக்கலாம்.

இரண்டாவது, நேரத்தைக் கணக்கிடுதல். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதாதவரும் இதில் சேர முயலலாம். நான்கு வாரப் பாடங்களைக் கற்று, வார ஒப்படைப்புகளில் குறித்த மதிப்பெண் பெற்று, தகுதித் தேர்வில் தேறியவர்க்கே கதவு திறக்கும். ஒரு பாடத்திற்கு வாரம் ஏறத்தாழ 10 மணி நேரம் தேவை என்பது நிறுவனத்தார் கணக்கு. நான்கு பாடம் எடுப்பவர்க்கு 40 மணி நேரம் ஆகிறது. இது ஒரு முழு நேர வேலைக்கு ஒப்பாகும். நூற்பாலையில் ஷிப்டு பார்க்கும் இளைஞரும் தறியில் அமரும் இளைஞரும் இக்கணக்கை முன்னரே போட்டுப் பார்த்தல் நலம். அவர் இரண்டு பாடங்களை மட்டும் எடுத்து, வேலை நாளில் நாளுக்கு இரண்டு மணியும் விடுமுறை நாளில் எட்டு மணியும் ஒதுக்கினால் வாரத்திற்கு 20 மணி நேரம் கிட்டும். பட்டம் தாமதமாகலாம். ஆனால் கைக்கு வரும்.

மூன்றாவது, கையால் எழுதுதல். காணொளியைக் கண்டவுடன் எல்லாம் விளங்கிவிட்டதாக ஒரு மயக்கம் உண்டாகும். திரையை மூடிவிட்டுக் கண்டதைக் குறிப்பேட்டில் எழுத முயன்றால் விளங்கியது எவ்வளவு, விளங்காதது எவ்வளவு என்பது வெளிப்படும். இங்குத் தமிழ்வழியில் பயின்ற மாணவர்க்கு ஒரு சொல். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் அதன் சாரத்தை முதலில் தமிழில் எழுதுக. தமிழில் எழுத இயலாத கருத்து இன்னும் உமக்கு உரியதாகவில்லை என்று கொள்க. அதன்பின் அதே கருத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுக. என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றின் எழுத்துவடிவம் தமிழிலும் கிடைக்கிறது. அதைத் துணையாகக் கொள்ளலாம். ஆயினும் அது உம் குறிப்பேட்டுக்கு மாற்றாகாது.

நான்காவது, நேர்மை. வார ஒப்படைப்புக்கான விடைகள் நண்பர் குழுவிலும் கிடைக்கின்றன. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் எழுதித் தருகின்றன. ஆனால் என்.பி.டி.இ.எல். சான்றிதழின் நூறு மதிப்பெண்ணில் 25 மட்டுமே ஒப்படைப்புக்கு உரியது. 75 தேர்வுக் கூடத்தில் கண்காணிப்பாளர் முன் எழுதும் தேர்வுக்கு உரியது. அந்த 75இல் 30 பெறாதவர்க்குச் சான்றிதழ் இல்லை. வீட்டில் இரவல் விடை எழுதியவரின் கையை அங்கே பிடித்து எழுத எவரும் வாரார். நம் கல்லூரி போன்ற நிறுவனங்களில் பயில்வோரும் இதனைத் தமக்கு அயலானது என்று எண்ணலாகாது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை 'ஸ்வயம்' வழியே பயில மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. ஆதலின் நாம் அனைவரும் ஓரளவு இணையவழி மாணவரே.

வீட்டிலிருந்து கற்கும் பெண்

இவையனைத்தையும் செய்தும் வெல்ல இயலாத ஒருவர் உண்டு. அவர் வீட்டில் இருந்து கற்கும் பெண். ஊர்ப் பெரியோர் இதனைச் சற்றே செவிமடுத்தல் வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்ற மகளைப் பார்த்து, "கல்லூரி எதற்கு? வீட்டிலிருந்தே இணையத்தில் படி" என்று சொல்லும் வழக்கம் நம் இல்லங்களில் பரவி வருகிறது. தொலைவு, பேருந்து, செலவு எனக் காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றுள் மெய்யானவையும் உண்டு. ஆனால் அவ்வாறு சொன்ன வீடு, அவள் படிக்கும் நேரத்தைப் படிப்பாகக் கருதுகிறதா? கல்லூரிக்குச் சென்ற பெண்ணை மாலை நான்கு மணி வரை எவரும் அடுப்படிக்கு அழைப்பதில்லை. வீட்டிலிருந்து படிப்பவளோ 'சும்மா இருப்பவள்' ஆகிவிடுகிறாள். விருந்தினர் வந்தால் தேநீர் அவள் பொறுப்பு. அண்ணன் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் அவள் பொறுப்பு. வீட்டின் ஒரே கைப்பேசி தந்தையோடு கடைக்கும் தம்பியோடு விளையாட்டுக்கும் போய் வந்த பின்னரே அவள் கைக்கு வருகிறது. அந்நிலையில் அவள் தவறினால், "படிப்பு அவளுக்கு ஏறவில்லை" என்று தீர்ப்பும் வழங்கப்படுகிறது. இது நீதியாகுமா?

கல்லூரிக்குச் செல்ல இயலும் பெண்ணைக் கல்லூரிக்கே அனுப்புக. இணையவழிக் கல்வி அவளைத் தடுத்து நிறுத்தும் சாக்காகிவிடலாகாது. திருமணமான பெண், கைக்குழந்தையுள்ள தாய், நோயுற்ற பெற்றோரைப் பேணும் மகள் ஆகியோர்க்கு இணையம் உண்மையிலேயே நல்வாய்ப்பு. அவர்க்கு நாளுக்கு மூன்று மணி நேரம் எவரும் அழைக்காத நேரமாக அமைதல் வேண்டும். ஒரு கைப்பேசியோ மடிக்கணினியோ அவர்க்கே உரியதாதல் வேண்டும். மகளுக்கு நகை சேர்க்கும் குடும்பம் இவ்விரண்டையும் சேர்ப்பது அரிதன்று.

ஊர் செய்யத்தக்கது

ஒழுங்கு இருப்பவர் எங்கிருந்தாலும் படிப்பார், இல்லாதவர்க்கு ஊர் என்ன செய்ய இயலும் என்று சிலர் வினவலாம். ஒழுங்கு மனத்தில் மட்டும் பிறப்பதன்று. அது இடத்திலும் பிறக்கிறது. ஓர் அறையில் பத்துக் குடும்பத்துப் பிள்ளைகள் குனிந்து படித்துக்கொண்டிருந்தால் பதினோராவது பிள்ளையும் தானே புத்தகத்தைத் திறக்கும். ஒற்றை அறை வீட்டில், தறி ஓசைக்கும் தொலைக்காட்சி ஓசைக்கும் இடையே அதே பிள்ளையால் அது இயலாது.

நடுவண் அரசு 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என வகுத்தவற்றுள் தமிழகத்தில் இரண்டே இடம்பெற்றன. ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று நம் விருதுநகர். எனவே இங்கு இழக்கும் ஒவ்வொரு மாணவரும் பேரிழப்பே. பெருஞ்செலவு எதனையும் நான் வேண்டவில்லை. ஜமாஅத்தார் தம் கட்டடங்களுள் மாலையில் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்றைத் திறந்து, விளக்கும் மின்விசிறியும் இணைய இணைப்பும் தரலாம். பெண்களுக்குத் தனி நேரமோ தனி அறையோ வகுக்கலாம். ஊரின் பட்டதாரிகள் வாரம் ஒரு மாலை அங்கு வந்து ஐயம் தீர்க்கலாம். கல்லூரிகள் தம் நூலகத்தை விடுமுறை நாளில் இம்மாணவர்க்குத் திறந்துவிடலாம். எவர் எந்தச் சமயத்தவர், எந்தப் பல்கலைக்கழகத்தவர் என்று கேளாமல் சேர்த்துக்கொள்வதே அறை திறப்பார்க்கு அழகு.

மாணவச் செல்வங்களே, சேர்ந்த நாளின் ஆர்வம் மூன்றாம் மாதத்தில் தளரும், அது இயல்பே. அந்நாளில் உம்மைத் தாங்குவன நீவிர் முன்னரே வகுத்துக்கொண்ட நேரமும் தேர்ந்துகொண்ட தோழருமே. பெற்றோரே, பிள்ளையின் கையில் கருவியைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென எண்ணற்க. அதனோடு அமைதியான மூன்று மணி நேரத்தையும் கொடுங்கள். பெரியோர்களே, ஓர் அறையின் சாவியை ஈயுங்கள். நல்ல பேராசிரியர்கள் நடத்தும் பாடங்கள் நம் வாசல் வரை வந்து நிற்கின்றன. அவற்றை உள்ளே அழைத்து அமரச் செய்வது நம் பொறுப்பு.