மூன்று சிடி படம்



சுங்கை ஆயர் தாவாரிலும் சுற்றுவட்டத் தோட்டங்களிலும் இருப்பவர்களுக்குத் தமிழ்ப் படம் என்றால் கிள்ளானுக்கோ தெலுக் இந்தானுக்கோ வண்டி எடுக்க வேண்டும். அதனால் இங்கே சினிமா பெரும்பாலும் நம்மைத் தேடித்தான் வந்திருக்கிறது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். பிறகு வாடகை வீடியோ கேசட் வந்தது. அதன்பின் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விசிடி. ஒரு சிடியில் 74 நிமிடம்தான் அடங்கும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு மூன்று சிடி! வில்லன் கத்தியை ஓங்கும் நேரம் பார்த்து சிடி முடியும். மாற்றிப் போட வீட்டின் கடைக்குட்டி ஓடும்.

அந்த சிடிகளில் எம்ஜிஆரும் சிவாஜியும் ரஜினியும் இருந்தார்கள். நம் லயத்து வீடுகள் இல்லை. 2005இல் தீபக் குமாரன் மேனன் ‘செம்மண் சாலை’ எடுத்தார். 1960களின் ரப்பர் தோட்டம். மேலே படிக்கத் துடிக்கும் ஒரு பெண். சிறிய செலவில் டிஜிட்டலில் எடுத்த அந்தப் படம் ரோட்டர்டாம் திரைப்பட விழா வரை போனது. 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வந்தது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்கில் குடியேறிய குடும்பத்தின் கதை அது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் அதை மலாய் அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில் ஒதுக்கினார்கள். அதை எதிர்த்து ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் வாங்கிய விருதுகளையே திருப்பிக் கொடுத்தார். எதிர்ப்பு வலுக்க, மொழித் தடை விலகியது. ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படமானது.

இந்த இரண்டையும் நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்களா? தியேட்டரில் சின்னப் படங்கள் சில வாரங்கூட நிற்பதில்லை. இணையத் தளங்களில் ஒப்பந்தம் முடிந்தால் படம் மறைந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய சிடியோ டிவிடியோ அப்படிப் போகாது. நமக்கு வேண்டும்போது போடலாம்.

படி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழின் முதல் பேசும்படமே சாட்சி. 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. சத்யஜித் ரேயின் அப்பு படங்களுக்கு வேறு விதி. 1993இல் லண்டன் தீயில் மூல நெகட்டிவ்கள் கருகின. எஞ்சியதையும் பிற நாடுகளில் இருந்த பிரதிகளையும் சேர்த்துச் சீரமைத்தார்கள். இப்போது அவை டிஸ்க்காக வீடுகளில் இருக்கின்றன. பல இடங்களில் பிரதி இருந்ததுதான் காப்பாற்றியது.

படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் வைப்புச் சட்டப்படி, சிடி, டிவிடி போன்ற அச்சில் வராத வெளியீடுகளில் இரண்டு படிகளைத் தேசிய நூலகத்தில் கொடுக்க வேண்டும். சுமையாக நினைக்காதீர்கள்; நாளை உங்கள் படத்தைத் தேடி வருபவர் அங்கேதான் போவார்.

வாசகர்களுக்கும் வேலை உண்டு. அலமாரியைத் திறந்து பாருங்கள். உள்நாட்டுத் தமிழ்ப் படங்களின் அசல் சிடிகள் இருந்தால் வெயிலும் ஈரமும் படாமல் நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சை பிடித்துவிட்டால் மீட்பது கடினமாகலாம். படத்தின் பெயரையும் வெளிவந்த ஆண்டையும் எங்களுக்கு எழுதுங்கள், பட்டியலாக வெளியிடுகிறோம். உரியவர்களிடம் அனுமதி கேட்டு, கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ திரையிட முயல்வோம். வரும்போது பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்