தோத்த ராஜாவுக்கு யார் படம் எடுப்பா?

போன வாரம் எங்க ஹாஸ்டல்ல நைட் ஷோ. படம் 'பார்த்திபன் கனவு'. 2003-ல் வந்த ஸ்ரீகாந்த், சினேகா படம்னு நம்பி உட்கார்ந்த பசங்க, ஜெமினி கணேசனைப் பார்த்ததும் அலறிட்டாங்க. இது 1960-ல் யோகானந்த் இயக்கியது!

கதை நடக்கிறது 7-ம் நூற்றாண்டு. பல்லவ நரசிம்மவர்மனுக்குக் கப்பம் கட்ட மாட்டேன்னு போருக்குப் போய் உயிரை விடுறார், குட்டி ராஜா பார்த்திப சோழன். அந்தக் கனவை மகன் விக்கிரமன் சுமக்கிறான். நாவலை எழுதிய கல்கி, ஒரு காலத்தில் நம்ம திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் வேலை பார்த்தவர் தெரியுமா?

பார்த்திபன் கற்பனை. ஆனா, நம்ம ஏரியாவுல நிஜமாவே ஒரு கதை இருக்கு மச்சி. 8-ம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன், அதியமானை ஆயிரவேலி, அயிரூர், புகழியூர்ல தோற்கடிச்சார். அதியமானுக்கு உதவ வந்த பல்லவருக்கும் சேரருக்கும்கூட செம அடி. சொல்றது யாரு? ஜெயிச்சவரோட செப்பேடு!

தோத்தவங்க பக்கம் பார்க்கணும்னா நாமக்கல் மலைக்குப் போங்க. பாறையைக் குடைஞ்ச நரசிம்மர், ரங்கநாதர் கோயில்கள் அதியர் காலத்து வேலை. குணசீலன்னு ஒரு அதிய மன்னர் பேர் கல்வெட்டிலேயே இருக்கு.

அதே மலையில், ப்ளஸ் டூ லீவுல, ஆணியால என் பேரையும் ஒரு ஹார்ட்டையும் கீறிட்டு வந்த அறிவாளி நான்தான். படம் முடிஞ்சும் தூக்கம் வரலை, அதுதான் உறுத்துச்சு.

இந்த சண்டே மறுபடி போறேன். ஆணி இல்லாம. வர்றீங்களா?