முந்தைய நாள் எடை

23 கிராம். ஒரு மடக்குத் தண்ணீர். 2025 ஏப்ரலில் லண்டனில் கானர் பென்னோடு மோதவிருந்த கிறிஸ் யூபேங்க் ஜூனியர், முந்தைய நாள் தராசில் ஏறியபோது 160 ராத்தல் வரம்பைவிட அவ்வளவுதான் கூடுதல். அதற்கு அபராதம் 3,75,000 ஸ்டெர்லிங். மறுநாள் சண்டையிட்டார், ஜெயித்தார், ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கிராம் கணக்குப் பார்த்த அதே ஒப்பந்தம், சண்டை நாள் காலையில் அவர் 170 ராத்தல்வரை இருக்கலாம் என்றது. அதாவது நாலரைக் கிலோ கூடுதல். பல போட்டிகளில் இந்த வரம்புகூடக் கிடையாது.

எப்படி ஏறுகிறது இவ்வளவு எடை? கொழுப்பல்ல, தண்ணீர். கடைசி நாட்களில் தண்ணீரை நிறுத்தி, வெந்நீர்த் தொட்டியிலும் நீராவி அறையிலும் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உடையில் ஓடி வியர்த்து, உதடு வெடிக்கத் தராசில் ஏறுகிறார்கள். இறங்கியதும் உப்பு கலந்த நீர், சோறு, ரொட்டி. மறுநாள் இரவுக்குள் வேறு ஆள். உடம்பு ஊறிவிட்டாலும், மூளையைச் சுற்றியுள்ள நீர் சரியாக ஒரு நாள் போதாது என்ற பயம் மருத்துவர்களுக்கு உண்டு. அடி விழுவது அங்கேதான்.

2000 பிப்ரவரி 26, நியூயார்க். ஆர்ட்டுரோ கட்டி, ஜோயி கமாஷ் இருவருக்கும் வரம்பு 141 ராத்தல். சண்டையன்று தொலைக்காட்சிக்காரர்கள் நிறுத்துப் பார்த்ததில் கமாஷ் 145, கட்டி 160. ஆறேமுக்கால் கிலோ வித்தியாசம்! இரண்டாம் சுற்றில் கமாஷ் நினைவிழந்து விழுந்தார். அதன்பின் அவர் சண்டையிடவே இல்லை. முந்தைய நாள் தராசு முள் நிலைக்கும் முன்பே கட்டி இறங்கிவிட்டார் என்று வழக்குப் போட்டார். எடை பார்த்ததில் மாநில ஆணையம் அலட்சியமாக இருந்தது என்று 2010-ல் நீதிமன்றம் சொன்னது. காயத்துக்கு அந்த எடைதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்று நஷ்டஈடு மட்டும் தரவில்லை. இப்படி முடிந்த ஃபைல்கள் எனக்குப் புதிதல்ல.

முன்பெல்லாம் சண்டையன்று காலையில்தான் எடை பார்த்தார்கள். 1982-ல் லாஸ் வேகாஸில் அடிபட்ட கொரிய வீரர் கிம் துக்-கூ இறந்தபின் விதிகள் மாறின. 15 சுற்று 12 ஆனது நல்லது. ஆனால் வீரர்கள் தேறட்டும் என்று அந்தப் பத்தாண்டில் பரவிய முந்தைய நாள் எடை, இன்னும் அதிகமாக வற்றவைக்கத்தான் இடம் கொடுத்தது.

வருடாவருடம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கிறேன். "நேற்று இருந்தார்" என்று எழுதிக் கொடுத்தால் கருவூலத்தில் வாங்குவார்களா? பிரெஞ்சில் நிறுப்பதற்கு 'பெஸே', யோசிப்பதற்கு 'பான்ஸே'. இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றே என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். இந்த அமைப்புகள் முதல் சொல்லோடு நின்றுவிட்டன.

ஐ.பி.எஃப். அமைப்பு தன் பட்டத்துக்குச் சண்டை நாள் காலையிலும் எடை பார்ப்பதுண்டு. 10 ராத்தலுக்கு மேல் ஏறக்கூடாது. 2017-ல் கொலோவ்கினோடு மோதிய டேனியல் ஜேக்கப்ஸ் அந்தத் தராசுப் பக்கமே போகவில்லை. அந்தப் பட்டம் கிடைக்காது, அவ்வளவுதான். மற்றப் பட்டங்களுக்காகச் சண்டை நடந்தது.

சண்டையன்று எடை பார்த்தால் வற்றிய உடம்போடு ஏறிவிடுவார்களே என்பார்கள். ஏறுவார்கள், எடை மட்டும் பார்த்தால். சிறுநீர்ச் சோதனையும் சேர்த்து, உடம்பில் நீர் குறைந்தவனை நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை அவனே மேல் பிரிவுக்குப் போவான். அதற்குத்தானே 17 பிரிவுகள்? விற்ற டிக்கெட்டைத் திருப்பித் தரவேண்டி வருமே என்பதுதான் ஏற்பாட்டாளர்களின் கவலை. தரட்டுமே.