ரெண்டு நாளும் ஒரே வெலயா, டீச்சர்?



கணிதம் படிப்பிக்கிறவர்களுக்கும், தரம் 9, 10, 11 இல் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2022ஆம் ஆண்டு. தரம் 10க்கு ஒருங்கமை சமன்பாடுகள் பாடம். பலகையில் இப்படி எழுதினேன்: ஒருவர் திங்கட்கிழமை 3 கிலோ போஞ்சியும் 2 கிலோ கரட்டும் 1900 ரூபாவுக்கு வாங்கினார். வெள்ளிக்கிழமை 2 கிலோ போஞ்சியும் 5 கிலோ கரட்டும் 2550 ரூபாவுக்கு வாங்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவின் விலை என்ன?

பின் வரிசையிலிருந்து ஒரு மகன் எழும்பினான். அவனுடைய வாப்பா நாவுலயிலிருந்து தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றுகிறவர்.

"டீச்சர், ரெண்டு நாளும் ஒரே வெலயா? தம்புள்ளயில காலைல ஒரு வெல, பின்னேரம் ஒரு வெல. எப்பிடி ஒரே எக்ஸ் போடுற?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "கணக்கில அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, உட்காருங்க மகன்" என்றேன். உட்கார்ந்தான். அதன் பிறகு அந்தத் தவணை முழுக்க அவன் கேள்வி கேட்கவேயில்லை. தவணைப் பரீட்சையில் அந்த வினாவைத் தொடாமலே விட்டிருந்தான்.

அந்தத் தாளைத் திருத்தும்போதுதான் எனக்குச் சுட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். நாட்டில் எந்த உம்மாவும் திங்கட்கிழமை விலையை நம்பி வெள்ளிக்கிழமை கடைக்குப் போகாத காலம். அப்படியிருக்க, நான் இரண்டு நாளுக்கும் ஒரே விலை போட்டு, கேட்ட பிள்ளையை உட்கார வைத்திருக்கிறேன்.

அவன் கேட்டது குறும்புக் கேள்வி இல்லை. பாடத்தின் அடித்தளமே அதுதான். ஒருங்கமை என்றால் ஒருங்கே அமைவது. முதல் சமன்பாட்டிலுள்ள எக்ஸும் இரண்டாவதிலுள்ள எக்ஸும் ஒரே கணியமாக இருந்தால் மட்டுமே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கலாம். விலை மாறியிருந்தால் தெரியாக்கணியங்கள் இரண்டல்ல, நான்கு. இரண்டு சமன்பாட்டை வைத்து அவற்றைக் காண முடியாது. இதை என் மாணவன் கண்டுகொண்டான். நான் காணவில்லை.

அன்றாட வாழ்க்கையோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்று கல்வியியற் கல்லூரியில் படித்து வந்தோம். ஆனால் நம்மில் பலர் செய்வது எண்களுக்கு மரக்கறியின் பெயர் வைப்பது. பெயர் மட்டும் வாழ்க்கையிலிருந்து வருகிறது. நிலைமை வருவதில்லை.

பழையவர்கள் இதில் கவனமாக இருந்திருக்கிறார்கள். அல்ஜிப்ரா என்ற சொல் அல்குவாரிஸ்மியின் நூற் தலைப்பிலிருந்து வந்தது. அந்த நூலின் பெரியதொரு பகுதி வாரிசுச் சொத்தைப் பங்கிடும் கணக்குகள். அதே 9ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் பக்கம் வாழ்ந்த மகாவீரர் ஒரு கணக்குத் தருகிறார்: எலுமிச்சை இனத்துப் பெரிய பழம் 9, விளாம்பழம் 7, விலை 107. அந்தப் பழம் 7, விளாம்பழம் 9, விலை 101. இரண்டையும் கூட்டினால் 16 சோடி 208. ஒரு சோடி 13. கழித்தால் வித்தியாசம் 3. ஆக 8, 5. விளாம்பழம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதா? இரண்டு சமன்பாட்டையும் கூட்டியும் பார்க்கலாம் என்பது இந்தக் கணக்கில் தானாகவே விளங்கிவிடும்.

இப்போது நான் முச்சக்கரவண்டிக் கட்டணத்தை எடுக்கிறேன். மீற்றர் இல்லாத வண்டி. 4 கிலோமீற்றருக்கு 460 ரூபா, 7 கிலோமீற்றருக்கு 760 ரூபா என்று வைப்போம். அடிப்படைத் தொகை எவ்வளவு, கிலோமீற்றருக்கு எவ்வளவு? கழித்தால் 3 கிலோமீற்றருக்கு 300. ஆகவே கிலோமீற்றருக்கு 100, அடிப்படை 60. இங்கே விடை உண்மையிலேயே நமக்குத் தெரியாத ஒன்று. பிறகு மூன்றாவது பயணம் கொடுக்கிறேன்: 10 கிலோமீற்றருக்கு 1200 கேட்டார். நம் கணக்குப்படி 1060தானே?

உடனே வகுப்பு இரண்டாகப் பிரியும். "கூட எடுத்திருக்காங்க" என்று ஒரு பக்கம். வண்டி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள் விடமாட்டார்கள். "இரவா இருக்கும் டீச்சர்", "காத்திருந்திருப்பாங்க", "வரக்குள்ள வெறும் வண்டிதானே". எந்த நிபந்தனையில் நம் சமன்பாடு சரி, எங்கே உடைகிறது என்று அவர்களே பேசிக்கொள்வார்கள்.

"இதற்கெல்லாம் பாடவேளை எங்கே டீச்சர், சாதாரண தரத்தில் புள்ளி வர வேண்டாமா" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயம். குணகங்களைச் சமப்படுத்துவதும் நீக்குவதும் கை பழகும்வரை செய்தே ஆக வேண்டும். கணிதத்தில் டபிள்யூ எடுத்த பிள்ளையின் வீட்டு நிலைமை எனக்கும் தெரியும். ஆனால் என் அனுபவத்தில், சமன்பாடாகவே கொடுத்தால் தீர்க்கிற பிள்ளை, வசனத்தில் கொடுத்தால் வெறுந்தாள் வைக்கிறது. அங்கேதான் புள்ளி போகிறது.

ஆகவே இரண்டே வேண்டுகோள்கள். வினாத்தாள் தயாரிக்கிறவர்களே, "இரு சந்தர்ப்பங்களிலும் விலை மாறவில்லை" என்று ஒரு வசனம் சேருங்கள். வகுப்பில் இருக்கிறவர்களே, அந்த வசனம் ஏன் தேவை என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

அந்த மகனிடம் பிறகு வகுப்பிலேயே சொன்னேன், "நீங்க அன்றைக்குக் கேட்டது சரி, நான்தான் பிழை." ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை கேட்டான், "டீச்சர், மூனு மரக்கறி வந்தா எத்தன சமன்பாடு வேணும்?"