புயலின் தலையில் கட்டாதீர்கள்

கடல் விபத்தை விசாரிக்கத் தனி அமைப்பு எதற்கு, வீண் செலவு, தொழிலுக்குத் தொல்லை என்று வாதிடுகிறார் கப்பல் துறையில் நெடுங்காலம் இருந்த ஒருவர். அதற்கு அவர் இழுத்துவரும் சாட்சி, 2012 அக்டோபர் 31 அன்று சென்னை பெசன்ட் நகரில் தரைதட்டிய பிரதிபா காவேரி கப்பல். நீலம் புயல் அடித்தது, கப்பல் ஒதுங்கியது, இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்கிறார்.

நிறைய இருக்கிறது ஐயா. சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எல்லாக் கப்பலுக்கும் புயல் பொதுதான். இது மட்டும் ஏன் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தது? சாப்பாடு, குடிநீர், டீசல் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு என்று உயிர் பிழைத்த மாலுமிகள் சொன்னது அப்போதே பத்திரிகைகளில் வந்தது. டீசல் இல்லாத கப்பல் புயலுக்கு விலகி ஆழ்கடலுக்கு எப்படிப் போகும்? 37 பேரில் ஆறு பேர் செத்தார்கள். கப்பல் உடைந்து அல்ல, தப்பிக்க இறங்கிய உயிர்காப்புப் படகு கவிழ்ந்து. கப்பலிலேயே இருந்தவர்களை மறுநாள் ஹெலிகாப்டர் தூக்கி வந்தது. தண்ணீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றியவர்கள் நம் ஊரூர்க் குப்பத்து மீனவர்கள். அந்த அலையில் படகை இறக்கச் சொன்னது யார்? இதற்கெல்லாம் புயலா பதில் சொல்லும்?

கப்பல் இயக்குநரகம்தான் விசாரிக்கிறதே என்பது அவருடைய அடுத்த வாதம். கப்பல் கடலோடத் தகுதியானது என்று சான்று கொடுப்பது அந்தத் துறை. அந்தச் சான்றே தப்பாக இருந்தால் அதை எழுதப்போவது யார்? ரயில் கவிழ்ந்தால் விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தில் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். காரணம் இதுதான். 193 பேரைப் பலிகொண்ட ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ் கப்பல் கவிழ்ந்த இரண்டே ஆண்டில், 1989-ல், பிரிட்டன் கடல் விபத்துக்கென்றே தனி விசாரணைப் பிரிவு அமைத்தது. 1958 வணிகக் கப்பல் சட்டம் போய் 2025-ல் புதுச் சட்டம் வந்துவிட்டதே என்கிறார். வரட்டும். சான்று கொடுக்கிற கையும் விசாரிக்கிற கையும் வேறாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

விசாரணை என்றால் கேப்டனைச் சிறையில் தள்ளுவது என்று அவர் பயமுறுத்துவது சுத்தத் தவறு. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் விசாரணைக் கோவையே பழி சுமத்துவது நோக்கமல்ல, மறுபடி நடக்காமல் தடுப்பதே நோக்கம் என்கிறது.

செலவு பற்றிப் பேசுகிறாரே, 2017 ஜனவரி 28-ஐப் பேசட்டும். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசியவில்லை என்றது துறைமுகம். சில நாளில் கரையெல்லாம் கறுப்பு. வாளியால் அள்ளினார்கள். மீன் வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த பெண்களின் நஷ்டம் அவருடைய கணக்கில் எந்த வரியில் இருக்கிறது?

விசாரணை அறிக்கை தமிழில் வர வேண்டும். ஊரூர்க் குப்பத்துப் பஞ்சாயத்தில் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அன்று கடலில் இறங்கியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.