கேட்பதற்கு ஒரு செவி



பாடுகிறவர்களைக் குறித்து நாம் அதிகமாய்ப் பேசுகிறோம்; கேட்கிறவர்களைக் குறித்துப் பேசுவது அரிது. ஒரு பாடல் பிறப்பதற்குக் குரல் வேண்டும். பிறந்த பாடல் பிழைத்திருக்க யாராவது ஒருவருடைய செவி வேண்டும். இந்த வாரம் உங்கள் முன் வைக்க விரும்பும் நான்கு பாடல்கள் இதையே எனக்குக் கற்றுத்தந்தன. நான்கும் இணையத்தின் வழியாய் நடக்கிற ஒரே போட்டியிலிருந்து வந்தவை. அவை நம்முடைய கீர்த்தனைகளும் அல்ல, ஞானப்பாட்டுகளும் அல்ல. "போதகர் இப்படிப்பட்ட பாடல்களை ஏன் கேட்கிறார்?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். பொறுமையோடு வாசியுங்கள்; அதற்கான பதிலை நீங்களே கண்டுகொள்வீர்கள்.

முதலில் அந்தப் போட்டி எப்படி உண்டானது என்பதைச் சொல்லுகிறேன். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொது வானொலியான என்பிஆர் நிறுவனத்தைச் சேர்ந்த பாப் பாய்லன், ஸ்டீபன் தாம்சன் என்ற இருவர், டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடந்த ஓர் இசைவிழாவுக்குப் போயிருந்தார்கள். லாரா கிப்சன் என்ற பாடகி அங்கே மென்மையான குரலில் பாடினார். கூடியிருந்தவர்களின் பேச்சும் சிரிப்பும் அந்தக் குரலை விழுங்கிவிட்டன. பக்கத்தில் நின்றவர்களுக்கே பாட்டு சரியாய்க் கேட்கவில்லை. "எங்கள் அலுவலகத்துக்கு வந்து மேசையருகே பாடிவிடுங்களேன்" என்ற பொருளில் தாம்சன் வேடிக்கையாய்ச் சொன்னார். சில வாரங்களுக்குள் அந்த வேடிக்கை மெய்யாயிற்று. வாஷிங்டனில் பாய்லனுடைய எழுத்து மேசைக்குப் பின்னால் நின்று லாரா கிப்சன் பாடினார். "டைனி டெஸ்க்" என்று இன்று உலகம் அறிந்திருக்கிற சின்ன மேசைக் கச்சேரிகள் அப்படித்தான் தொடங்கின. இரைச்சலில் கேட்காமற்போன ஒரு குரலுக்கு அமைதியான ஓர் இடம் கொடுக்கவேண்டும் என்பதே அதன் பிறப்புக் காரணம்.

அந்த மேசையருகே பாடும் வாய்ப்பைப் பெயர் அறியப்படாதவர்களுக்கும் கொடுக்கும்படி, 2015ஆம் ஆண்டில் முதல் வெற்றியாளரை அறிவித்த ஒரு போட்டியை அவர்கள் ஏற்படுத்தினார்கள். நிபந்தனைகள் எளியவை. பாடல் சொந்தமாய் எழுதியதாக இருக்கவேண்டும். பாடுகிறவருக்கு இசைத்தட்டு நிறுவனம் எதனோடும் ஒப்பந்தம் இருக்கக்கூடாது. ஏதாவது ஒரு மேசையருகே பாடிக் காணொளியாக்கி, யூடியூபில் ஏற்றி அனுப்பவேண்டும். முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய ஏழாயிரம் பாடல்கள் வந்து குவிந்தன.

அந்த முதல் ஆண்டில் வென்ற பாடல்தான் என் பட்டியலிலும் முதலாவது. "ஃபென்டாஸ்டிக் நெக்ரிட்டோ" என்ற மேடைப்பெயர் கொண்ட ஓக்லாந்து நகரத்துக் கலைஞரின் "லாஸ்ட் இன் எ கிரவுட்". கூட்டத்தின் நடுவே தொலைந்துபோவதைக் குறித்த பாடல் அது. சரக்கு ஏற்றுகிற ஒரு மின்தூக்கிக்குள் நின்று, கைதட்டலும் காலடியுமாய் அதைப் பாடியிருக்கிறார்கள். பழைய புளூஸ் இசையின் உழைப்பும் வியர்வையும் அதில் இருக்கின்றன. அவர் தொண்ணூறுகளிலேயே ஒரு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து இசைத்தட்டு வெளியிட்டவர். அது விலைபோகவில்லை. பின்பு நேர்ந்த கார் விபத்தில் மூன்று வாரங்கள் நினைவிழந்து கிடந்தார். இசைக்கருவி வாசிக்கும் கை சிதைந்துபோயிற்று. சில ஆண்டுகளுக்குப் பிறகு இசையையே விட்டுவிட்டார். தன் கருவிகளை விற்ற பின் மீதியிருந்த ஒரு கிட்டாரை ஒருநாள் எடுத்துத் தன் கைக்குழந்தைக்கு ஒரு சுருதியை வாசித்துக் காட்டினாராம். குழந்தையின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் தன்னை மறுபடியும் இசைக்குத் திருப்பிற்று என்று அவர் சொல்லியிருக்கிறார். போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 47. 2017இல் கிராமி விருதையும் பெற்றார். நடுவர்கள் கேட்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே, பேசத் தெரியாத ஒரு குழந்தை அவரைக் கேட்டுவிட்டது.

"திறமை இருந்தால் தானாகவே வெளியே வரும்" என்று நாம் சொல்லுகிறோம். பிள்ளைகளிடத்தில் சொல்லுகிறோம், நம்முடைய மனச்சாட்சியை ஆற்றிக்கொள்ளவும் சொல்லுகிறோம். அந்த வார்த்தை மெய்யானதல்ல என்பதே என்னுடைய கருத்து. இந்த மனிதரிடத்தில் திறமை தொண்ணூறுகளிலும் இருந்தது, விபத்துக்குப் பின்னும் இருந்தது. ஆனாலும் அது பல ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது. கேட்கிறவர் இல்லாத இடத்தில் திறமை தானாய் வெளிவருவதில்லை, தானாய் அடங்கிப்போகிறது.

இரண்டாவது பாடல் என் உள்ளத்துக்கு மிகவும் நெருக்கமானது. 2016இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களிலிருந்து தெரிந்துகொள்ளப்பட்ட, கேலின் லீ எழுதிய "சம்டே வீல் லிங்கர் இன் தி சன்". அவர் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரைச் சேர்ந்தவர். எலும்புகள் எளிதில் முறியும் பிறவிக்குறையோடு பிறந்தவர்; மின்சாரச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வயலின் வாசிக்கிறார். தோளில் வைக்க முடியாதபடியால், ஒரு செல்லோவைப்போல வயலினை முன்னால் நிமிர்த்திவைத்து வில்லை இழுக்கிறார். ஒருமுறை வாசித்ததை ஒரு சிறு கருவி திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்ய, அதன்மேல் அடுத்த இழையைச் சேர்க்கிறார். ஒரே வயலின் பல வயலின்களாகப் பெருகுகிறது. பிறகு மெல்லிய குரல் வருகிறது. நேசம் வலியில்லாதது என்று அந்தப் பாடல் பொய் சொல்லுவதில்லை. வலியோடுகூட நம்பிக்கையையும் வைக்கிறது. படுக்கையில் இருக்கிற ஒருவரைப் பல ஆண்டுகளாய்ப் பராமரித்துவருகிற எவரும் அந்தப் பாடலைப் புரிந்துகொள்வார்.

அவர் பள்ளிச் சிறுமியாயிருந்தபோது, இசைக்குழுவில் சேர விரும்பும் பிள்ளைகளுக்குக் கேட்டறியும் தேர்வு ஒன்று வைத்தார்கள். அதில் அவர் முழு மதிப்பெண் பெற்றார். ஆசிரியை அந்த மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு, "இந்தப் பிள்ளையின் உடலால் முடியுமா?" என்று கேட்டு நின்றுவிடவில்லை, எப்படி முடியச் செய்வது என்று அந்தப் பிள்ளையோடு சேர்ந்து தேடினார். வயலினைச் செல்லோவைப்போலப் பிடிக்கும் வழி அப்படித்தான் கிடைத்தது. இன்றைக்கு கேலின் லீ, மேடைகளுக்குச் சாய்தளம் வேண்டும் என்று ஊர் ஊராய்ப் பேசிவருகிறார். 2022இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் மேடையேறிய "மேக்பெத்" நாடகத்துக்கு இசையும் அமைத்தார்.

மூன்றாவது, 2022இல் வென்ற அலிசா அமடோரின் "மிலோங்கா அக்சிடென்டல்". இந்தப் போட்டியில் வென்ற முதல் ஸ்பானிய மொழிப் பாடல் இதுவே. மிலோங்கா என்பது அர்ஜென்டினா, உருகுவே நாடுகளின் இசைவகை. இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்ந்து, இரண்டிலும் முழுமையாய்ச் சொந்தமில்லாததுபோல உணர்கிற ஒரு மனத்தின் பாடல் அது. பிழைப்புக்காக ஊரைவிட்டுப்போன நம்முடைய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இந்த உணர்வை அறிவார்கள்; பாட்டியோடு தொலைபேசியில் பேசும்போது வார்த்தை தேடித் தடுமாறுகிற பிள்ளைகள் அவர்கள். இசைத்தொழிலை விட்டுவிடுவது என்று அலிசா தீர்மானித்திருந்த வேளையில்தான் வெற்றிச் செய்தி அவருக்கு வந்தது. அந்தச் செய்தி சற்றுத் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

நான்காவது, 2025இல் வென்ற ரூபி இபாராவின் "பகுனாவா". பிலிப்பைன்ஸ் நாட்டுப் பழங்கதையில் நிலாவை விழுங்குகிற பெரும்பாம்பின் பெயர் அது. ரூபி இபாரா கல்வியாலும் தொழிலாலும் ஓர் அறிவியலாளர். பாடலில் அவரோடு இணைந்தவர்களில் ஒருவர் கனடாவில் செவிலியராய்ப் பணிசெய்கிறவர். இன்னொருவர், 1970இலேயே பெண்கள் மட்டுமே கொண்ட ராக் குழுவில் இசைத்தட்டு வெளியிட்ட மூத்த கலைஞர் ஜூன் மில்லிங்டன். தாய்மொழிகளும் ஆங்கிலமும் கலந்து சொற்கள் மழையாய்ப் பொழிகின்றன. பகலெல்லாம் வேறு வேலை செய்கிறவர்களிடத்திலும் பாட்டு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்ன பின்பு, போட்டி என்ற முறையைக் குறித்த என் தயக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஏழாயிரம் பேர் பாடினார்கள், ஒருவர் வென்றார். மற்றவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் எத்தனையோ பேர் ஓக்லாந்து மனிதரைப்போலவே உடைந்துபோனவர்களாய் இருந்திருக்கலாம். அந்தச் சின்ன மேசை நல்லதுதான். ஆனால் உலகத்தின் எல்லாக் குரல்களுக்கும் அது போதாது. எந்த நடுவர்குழுவும் போதாது. ஆகவே மீதியான ஆயிரங்களைக் கேட்கிற வேலை, பக்கத்தில் இருக்கிறவர்களாகிய நம்முடைய பங்காகிறது.

சீலோவின் ஆலயத்தில் அன்னாள் நின்றதை நினைத்துப் பாருங்கள். அவளுடைய உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று எண்ணினான். கேட்பதற்கென்றே நியமிக்கப்பட்டவன் முதலில் தவறாய்த் தீர்த்தான். ஆனாலும் அவள் பேசினபோது, அவன் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, அவளைச் சமாதானத்தோடு அனுப்பினான். ஒன்று சாமுவேல் புத்தகத்தின் அடுத்த அதிகாரத்தைத் திறந்தால், அங்கே அந்த ஊமைபோன்ற பெண்ணின் பாட்டு முழங்குகிறது. ஏலி தன் முதல் தீர்ப்பிலேயே நின்றிருந்தால் அவளுடைய பாரம் எவ்வளவு அதிகமாயிருந்திருக்கும்!

சபையாரே, நம்முடைய நடுவிலும் உதடுகள் அசைகின்றன. பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பாட்டு எழுதி வைத்திருக்கிற பிள்ளை இருக்கிறது. சமையலறையில் தானே கட்டிய வரிகளை முணுமுணுக்கிற தாய் இருக்கிறாள். காட்டச் சொன்னால் வெட்கப்படுவார்கள். காட்டினாலோ, "சுருதி விலகுகிறது", "படிப்பைக் கவனி" என்பவைதான் நம் வாயிலிருந்து முதலில் வருகின்றன. திருத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருத்தம் இரண்டாவது வரட்டும். முதலாவது முழுப்பாட்டையும் கேட்டு முடியுங்கள். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பின்பு, "இதை எழுத உன்னைத் தூண்டியது எது?" என்று விசாரியுங்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன். கேலின் லீயைப்போல ஒருவர் அடுத்த ஞாயிறு நம் ஆலயத்துக்கு வந்தால், நாம் அவரை எங்கே உட்காரவைப்போம்? பாடகர்குழு நிற்கிற மேடைக்கு எத்தனை படிகள் உண்டு என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ஏற வழியில்லாத மேடை, "உன் பாட்டு எங்களுக்கு வேண்டாம்" என்று வாய்திறவாமலே சொல்லிவிடுகிறது. நல்ல ஒலிபெருக்கி வாங்குவதற்குக் காட்டுகிற உற்சாகத்தில் ஒரு பங்கைச் சாய்தளம் கட்டுவதற்கும் காட்டுவோமாக.

இந்த வாரத்தில் உங்கள் வீட்டிலாவது, பக்கத்து வீட்டிலாவது, இதுவரை யாரும் கேட்டிராத ஒரு பாட்டைக் கேளுங்கள். அது நன்றாயிருக்கவேண்டும் என்ற நிபந்தனையை வைக்காதீர்கள். பாடி முடித்தவருடைய முகத்தை மட்டும் பாருங்கள்.